நான் தொழிலதிபர் இல்லை, மாப்பிள்ளை

துறைமுகச் சாலை,
தூத்துக்குடி.
ஆடி மாதம், வியாழக்கிழமை.

ஆழ்வார்திருநகரியில் ஃப்ளெக்ஸ் அச்சடித்துப் பிழைக்கும் அன்பு மாப்பிள்ளை ஜெயகணேஷுக்கு, உன் அக்காள் புருஷன் தங்கதுரை எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காள் முருகேஸ்வரியும் உன் மருமகள் அனுசியாவும் உடம்புக்குச் சுகம். மனசுக்குச் சுகமில்லை, அதற்குக் காரணம் நீ. உன் வீட்டில் எல்லாரும் நீண்ட ஆயுளோடு இருக்க உங்க ஊர்ப் பெருமாள் அருள்வாராக. உனக்கு மட்டும் கொஞ்சம் தாமதமாக அருளட்டும், அவசரமில்லை.

போன் போட்டால் நீ எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நான் திட்டி அனுப்பிய வாய்ஸ் மெசேஜுக்கெல்லாம் கும்பிடுகிற கை ஒன்றை அனுப்பிவிட்டு ஓடிவிடுகிறாய். அதனால்தான் தாளும் பேனாவும் எடுத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அனுசியா பிளஸ் டூவில் எடுத்த மார்க்கை நீயே ஸ்டேட்டஸ் வைத்தாய், மறந்திருக்க மாட்டாய். சென்னையில் கப்பல் கட்டுகிற என்ஜினீயரிங் படிப்புக்கு அவளுக்குச் சீட்டு கிடைத்திருக்கிறது. என் பஞ்சர் கடையில், கழற்றிப் போட்ட லாரி டயர் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதின பிள்ளை. இந்தக் கன்டெய்னரெல்லாம் எந்தக் கப்பலில் போகுது, அந்தக் கப்பலை யாருப்பா கட்டுதான்னு கேட்டுக் கேட்டு என் உயிரை எடுத்த பிள்ளை. நாளை வெள்ளிக்கிழமைக்குள் பீஸ் கட்டினால் சீட்டு அவளுக்கு. கட்டாவிட்டால் வேறு எவர் வீட்டுப் பிள்ளைக்கோ. என்னிடம் இருப்பது ஒரு காற்றடிக்கிற மெஷின், அதற்கே அடிக்கடி மூச்சு வாங்குகிறது.

அவளுடைய கிருபை டீச்சர் என்னை உட்கார வைத்துத் தெளிவாகச் சொன்னார்கள். "கவலப்படாதிய அண்ணாச்சி. வீட்ல யாரும் காலேஜ் படிக்கலன்னா முதல் பட்டதாரிச் சலுகை உண்டு. வருமானம் கம்மின்னு தாலுகா ஆபீஸ்ல சான்று வாங்கிட்டா அரசாங்க உதவித்தொகைக்குப் போடலாம். அதுபோக கப்பல் கம்பெனிக்காரங்க ட்ரஸ்ட் ஒண்ணு வீட்ட வந்து பாத்துட்டு பீஸ் கட்டுவாங்க. மூணுக்கும் எழுதிப் போடுங்க." எனக்கு அன்றைக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. படிக்காதவன், வருமானம் இல்லாதவன், யாராவது உதவ மாட்டார்களா என்று நிற்கிறவன். மூன்று தகுதியும் எனக்குப் பிறவியிலேயே உண்டு என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன். அந்த மூன்றையும் போன வருச அம்மன் கோயில் கொடைத் திருவிழாவிலேயே நீ கெடுத்து வைத்திருக்கிறாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

வி.ஏ.ஓ. சிவப்பிரகாஷ் சாரைப் பார்க்கப் போனேன். நல்ல மனுஷன், ஆளும் சின்ன வயசு. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அண்ணாச்சி, உங்கள எங்கயோ பாத்திருக்கேனே" என்றார். "உங்க வண்டிப் பின் டயருக்கு நான்தான் சார் பஞ்சர் ஒட்டினேன்" என்றேன். "அதில்ல, உங்கள ரொம்பப் பெருசாப் பாத்திருக்கேன்" என்றார். மனுஷன் நெற்றியைத் தட்டித் தட்டி யோசித்துவிட்டு எழுந்தே விட்டார். "முத்தாரம்மன் கோயில் வாசல்! கூலிங் கிளாஸ் போட்டு, கப்பலுக்கு முன்னால கையக் கட்டி நிப்பியளே! கொடை வள்ளல், தொழிலதிபர் தங்கதுரை பி.ஏ.! அந்த ஃப்ளெக்ஸுக்குக் கீழ இருந்துதான் நான் கொடைச் சாப்பாடு சாப்ட்டேன். ரசத்துக்கு வாரதுக்குள்ள மனப்பாடம் ஆயிட்டு."

ஏலே ஜெயகணேஷ், உன்னிடம் நான் சொன்னது என்ன? கொடைக்கு வரி கொடுத்த எல்லாரும் ஃப்ளெக்ஸ் வைக்கிறார்கள், கொஞ்சம் கௌரவமாப் போடு என்று மட்டும்தானே சொன்னேன்? அதுவும் பக்கத்து ஃப்ளெக்ஸில் அந்த வட்டிக்கடை முத்துக்கனி 'சமூக சேவகர்' என்று பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறானே என்றுதான் சொன்னேன். அதற்காகப் பஞ்சர் கடைக்காரனைத் தொழிலதிபர் ஆக்குவாயா? பி.ஏ. எதற்குலே என்று அன்றைக்கே கேட்டேன். "பேருக்குப் பின்னால இடம் காலியா கெடந்துச்சு அத்தான்" என்றாய். காலியாகக் கிடந்தால் ஒரு பூவைப் போட வேண்டியதுதானே!

வி.ஏ.ஓ. தலையில் கை வைத்துக்கொண்டார். "தொழிலதிபருக்கு வருமானம் இல்லன்னு நான் எப்படி அண்ணாச்சி எழுதுவேன்? நாளைக்கு எவனாவது அந்தப் படத்தோட மனு போட்டான்னா என் வேலை போயிரும். முதல் பட்டதாரியும் கேக்குதீய, வீட்ல ஒரு பி.ஏ. இருக்கீயளே." நான் பொறுக்க முடியாமல், "சார், நான் பத்தாவது ஃபெயிலு!" என்று கத்திவிட்டேன். வரிசையில் எனக்குப் பின்னால் யார் நின்றது தெரியுமா? நம்ம இசக்கிராஜா. போன மாதம்தான் அவனுடைய வீட்டுப் பத்திரத்தைப் படித்து நான் விளக்கம் சொன்னேன். அவன் மூஞ்சி வெளிறிப்போய், "அண்ணாச்சி, அப்போ அன்னைக்கு நீங்க எனக்குச் சொன்னதெல்லாம்?" என்று கேட்டான். நான் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

பி.ஏ. படித்தவன் சர்டிபிகேட்டைக் காட்டுவான். படிக்காதவன் எதைக் காட்டுவான்? வீட்டுக்கு ஓடி, பரணில் கிடந்த பத்தாவது மார்க் சீட்டைத் தூசி தட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிவப்பிரகாஷ் சார் கணக்கு மார்க்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மார்க்கைப் பார்த்தார். "சரி அண்ணாச்சி, பி.ஏ. இல்லன்னு மனசார நம்புதேன்" என்று அதற்கு மட்டும் சம்மதித்தார். அதோடு விட்டிருந்தால் நான் இந்தக் கடிதத்தைப் பாதியில் நிறுத்தியிருப்பேன். வருமானத்துக்கு மட்டும் கடையை நேரில் வந்து பார்த்துத்தான் சொல்வேன் என்றார். அவர் வந்து நின்ற சாயங்காலம் பார்த்து, ஈ ஓட்டிக்கொண்டிருந்த என் கடை வாசலில் உப்பு லாரியும் கரி லாரியும் வரிசை கட்டி நிற்குது! ஒரு டிரைவர், "முதலாளி, எனக்கு முதல்ல பாருங்க" என்று வேறு கூவுகிறான். முதலாளியாம்! சார் லாரி வரிசையை ஒரு தடவை எண்ணிவிட்டு, "பாப்போம்" என்று போய்விட்டார்.

மிச்சம் இருந்தது அந்த ட்ரஸ்ட்தான். நாசரேத்துப் பக்கத்திலிருந்து கிரேசி மேடம் என்று ஒருவர் வீட்டைப் பார்க்க வருகிறார் என்றதும், ஃபிரிட்ஜையும் கிரைண்டரையும் தூக்கிப் பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் மதினி வீட்டில் வைத்தேன். கிழிந்த பனியனாகப் பார்த்து எடுத்துப் போட்டேன். உன் அக்காளிடம் படித்துப் படித்துச் சொன்னேன், ஏளா, வாரவங்களுக்கு வெறும் தண்ணி மட்டும் குடு, நம்ம கஷ்டப்பட்ட குடும்பம் என்று. உங்க குடும்பத்து ரத்தம் கேட்குமா? மேடம் உட்கார்ந்ததும் ஒரு தட்டு நிறைய முந்திரி மக்ரூன், ஒரு தட்டு நிறைய வடை, செல்லத்தாய் வீட்டுக்கு ஓடி நம்ம ஃபிரிட்ஜிலிருந்தே எடுத்து வந்த ஜில்லென்ற கலர் சோடா! நான் கண்ணைக் காட்டினால், "வீடு தேடி வந்த பிள்ளைக்கு வெறுந்தண்ணி குடுத்து அனுப்ப நான் என்ன சீரழிஞ்சா கெடக்கேன்?" என்று மேடம் காதுபடவே கேட்கிறாள்.

அதுகூடப் பரவாயில்லை. வடை தின்ற கையைக் கழுவ மேடம் அடுப்படிக்குப் போனார்கள்.

மாப்பிள்ளை, அடுப்படி ஓடு உடைந்து கிடப்பது உனக்குத் தெரியும். போன கார்த்திகை மழையில் சோற்றுப் பானைக்குள்ளேயே ஒழுகியது. அப்போது வீட்டில் கெட்டியாக இருந்த ஒரே பொருள் நீ அடித்த ஃப்ளெக்ஸ். அதைத்தான் ஓட்டுக்கு அடியில் உள்பக்கமாக இழுத்துக் கட்டியிருக்கிறோம். என் மூஞ்சி மேல் எலி ஓடக் கூடாது என்று, நான்தான் படம் கீழே பார்க்கிற மாதிரி கட்டினேன். மேடம் கை கழுவிவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். அடுப்புக்கு நேர் மேலே, புகை பிடித்த கூலிங் கிளாஸோடு நான். கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். "கொடை வள்ளல், தொழிலதிபர்" என்று எழுத்துக் கூட்டி வாசித்தார்கள். பிறகு கிழிந்த பனியனோடு கீழே நின்ற என்னைப் பார்த்தார்கள். செல்போனை எடுத்து மேலே ஒரு போட்டோ பிடித்துக்கொண்டு, "வாரேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அதோடு ஒரு தகவலும் இல்லை.

விடிந்தால் வெள்ளிக்கிழமை. அனுசியா என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. நேற்று டயரில் உட்கார்ந்துகொண்டு, "பரவால்லப்பா, இங்கனயே ஏதாவது காலேஜ்ல சேந்துக்கிடுதேன். கப்பல் எங்கயும் போயிராது" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க என்னால் முடியவில்லை மாப்பிள்ளை. கையில் இருந்த ஸ்பானரைப் போட்டுவிட்டு வெளியே போய் நின்றேன். பெற்ற பிள்ளைக்கு ஒரு பீஸ் கட்ட வக்கில்லை, எனக்கு எதற்குலே கூலிங் கிளாஸ்?

ஆகையால் சொல்கிறேன், கேட்டுக்கொள். இனிமேல் என் பேரையோ படத்தையோ உன் மெஷினில் ஏற்றினால் உனக்கும் எனக்கும் உறவு கிடையாது. தீபாவளிக்கு வராதே. வந்தாலும் வாசலோடு அக்காளைப் பார்த்துவிட்டுப் போ. நான் செத்தால்கூடக் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் வைக்கக் கூடாது, அதிலும் நீ பி.ஏ. போடுவாய். மற்றபடி உன் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் முத்தம், முத்தாரம்மன் துணையால் உன் தொழில் பெருகட்டும், என்னை விட்டுவிட்டுப் பெருகட்டும்.

இப்படிக்கு,
வெறும் தங்கதுரை

பி.கு.: கவரை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தேன், அனுசியா செல்லைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். கிரேசி மேடம் லைனில். "சார், கமிட்டில எல்லாரும் கேட்டாங்க, மக்ரூனும் கலரும் குடுத்த வீட்ல என்ன கஷ்டம்னு. நான் அந்தப் போட்டோவக் காட்டினேன். கூரை நிக்க வேண்டிய எடத்துல தகப்பன் நிக்காரு, இதுக்கு மேல என்ன சான்று வேணும்னு கேட்டேன். முழு பீஸும் நாளைக்கே கட்டிருதோம்" என்றார்கள். நான் செல்லுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அதை அனுசியா கையிலேயே கொடுத்துவிட்டேன். உன் அக்காள் இன்னும் அழுதுகொண்டிருக்கிறாள். மேலே எழுதியதை மனசில் வைத்துக்கொள்ளாதே மாப்ள. ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் பிள்ளைக்கு ஒரு வாழ்த்து ஃப்ளெக்ஸ் வைக்கணும். அவள் படத்தைப் பெருசாப் போடு, பின்னால் அந்தக் கப்பலைப் போடு. ஓரத்தில் என் படம், கூலிங் கிளாஸோடயே இருக்கட்டும். பி.ஏ. வேண்டாம், சிவப்பிரகாஷ் சார் அந்தப் பக்கம்தான் வருவார். தொழிலதிபர் இருக்கட்டும், வருமானச் சான்று கைக்கு வருகிற வரைக்கும் அதற்கு மேல் ஒரு மாலையைத் தொங்க விட்டுக்கொள்ளலாம். துணி மட்டும் நல்ல கெட்டியாப் பார்த்து, நீளத்தையும் கொஞ்சம் கூட்டிப் போடு. பின்பக்க அறையும் ஒழுகுது.