நல்லி எலும்பும் நாலு மணி வடையும்

“மொதலாளி, இந்த வெள்ளிக்கிழமையோட நான் நின்னுக்கிறேன்” என்றாள் முருகேஸ்வரி, கையிலிருந்த சீலாக் கருவாட்டை மோந்து பார்த்தபடியே.

அகமது கபீர் எழுதிக்கொண்டிருந்த கணக்கு நோட்டை மூடினார். மண்டபம் கடற்கரையில் அவருடைய கருவாட்டுக் கொட்டகையில் ஒன்பது பேர் வேலை பார்த்தார்கள். மூக்கு இருந்தது ஒருத்திக்குத்தான். எந்தக் கருவாடு கொழும்பு வரை தாங்கும், எது தலைமன்னாரிலேயே நாறும் என்று மோந்தே சொல்லிவிடுவாள். அவள் போனால் வியாபாரமும் பின்னாலேயே போகும்.

“எங்கன போற புள்ள?”

“எதுத்த கொட்டகைக்கு. அங்கன வாரத்துல ஒருநாள் லீவாம். சம்பளமும் பிடிக்க மாட்டாகளாம். என் வீட்டுக்காரரு சொன்னாரு.”

எதிர்க் கொட்டகை ஹாஜா முகைதீனுடையது. முருகேஸ்வரியின் புருஷன் மலையாண்டி அங்கேதான் மீனுக்கு உப்புத் தடவினான். கபீரும் ஹாஜாவும் அக்காள் தங்கையைக் கட்டிய சகலப்பாடிகள். எட்டு வருஷத்துக்கு முன்பு ஒரு கல்யாணத்தில் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டபோது, கபீர் பக்கம் கிடந்த நல்லி எலும்பை ஹாஜா எடுத்துவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. கொட்டகைகளுக்கு நடுவே ஆளுயரப் பனையோலை வேலி எழுந்தது. வேலிக்கு அந்தப்புறம் என்ன நடக்கிறது என்பதை முருகேஸ்வரியும் மலையாண்டியும் சொல்லித்தான் இருவரும் தெரிந்துகொண்டார்கள்.

“எலும்புத் திருடனே குடுக்கிறப்ப நான் குடுக்க மாட்டேனா? வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் லீவு.”

அடுத்த வாரம் முருகேஸ்வரி மறுபடியும் நின்றுகொள்வதாகச் சொன்னாள். எதிர்ப்பக்கம் நிழலுக்குப் பந்தலாம், உட்காரப் பலகையாம். கபீர் பெரிய பந்தலாகப் போட்டார். பலகை கிடைக்காமல் வீட்டு நாற்காலிகளைத் தூக்கிவந்தார். வீட்டில் சாய்வு நாற்காலி ஒன்றுதான் மிஞ்சியது.

மூன்றாம் வாரம், “அங்கன நாலு மணிக்கு டீயும் வடையும், மொதலாளி.”

வடை சுடும் வேலை பெண்டாட்டி நூர் நிஷா தலையில் விழுந்தது. பத்து நாள் சுட்டாள். பிறகு கேட்டாள்: “கொட்டகையில வெள்ளிக்கிழமை லீவு. எனக்கு?”

“நீ என்ன வேலைக்காரியா?”

“இல்லையே. வேலைக்காரிக்கு லீவு உண்டே.”

அதிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் அடுப்பு எரியவில்லை. ஜும்ஆ தொழுதுவிட்டுக் கபீர் ரயிலடி டீக்கடையில் பன் தின்றார்.

அவர் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. முன்பெல்லாம் வெயிலில் வெந்தவர்கள், நாறிய கருவாட்டைச் சிப்பத்தின் நடுவே வைத்துக் கட்டிவிட்டு எழுந்து போவார்கள். இப்போது நிழலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்கள். கொழும்பிலிருந்து சிப்பம் திரும்பி வருவது நின்றது. பிழைப்பில்லாமல் போன ஈக்கள் கூட்டமாக ரயிலேறி ராமநாதபுரம் போய்விட்டன. டிக்கெட் எடுத்தனவா என்று யாரும் பார்க்கவில்லை.

ஐந்தாம் வாரம் முருகேஸ்வரி சொன்னாள்: “அங்கன பிள்ளைப்பேத்துக்கு மூணு மாசம் லீவாம்.”

“நீ பேரன் எடுத்தாச்சேடி.”

“எனக்கில்ல. நம்ம ராக்கு மாசமா இருக்கா. அவ போனா நானும் போயிருவேன்.”

கொடுத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை டீக்கடை பெஞ்சில் ஹாஜா முகைதீன் பன் தின்றுகொண்டிருந்தார். கபீருக்குப் பொறுக்கவில்லை.

“ஓய் சகலப்பாடி, அந்த நல்லி எலும்பை நீரே வச்சுக்கும். வடையை மட்டும் நிறுத்தும்.”

“எந்த வடையை? நீரு போடுறீருன்னு மலையாண்டி சொல்லித்தானே நான் போட ஆரம்பிச்சேன்.”

“லீவு?”

“அதுவும்.”

“பந்தல்?”

“அதுவும்.”

“பிள்ளைப்பேறு?”

“அது நேத்துத்தான் சொன்னான். நாளைக்குக் குடுக்கலாம்னு இருக்கேன்.”

ஹாஜா பாதிப் பன்னைக் கீழே வைத்தார்.

“எல்லாத்தையும் நிறுத்திருவோம்” என்றார் ஹாஜா.

கபீர் சட்டைப்பையிலிருந்து கொழும்புக் கடிதத்தை எடுத்தார். கூடுதலாக நாற்பது சிப்பம் கேட்டிருந்தது. ஹாஜா தன் மடியிலிருந்து ஒன்றை எடுத்தார். அதே வியாபாரி, அதே நாற்பது. இருவரும் படித்தார்கள், மடித்தார்கள்.

“வெயில்ல உக்கார வச்சா மறுபடியும் நாத்தத்தை நடுவுல வச்சுக் கட்டுவாளுக” என்றார் கபீர்.

“அப்ப நிறுத்த வேணாம்” என்றார் ஹாஜா. “ஆனா அந்த மலையாண்டிக்கு இம்புட்டு மூளை எங்கன இருந்து வந்துச்சு? உப்புக்கும் மணலுக்கும் வித்தியாசம் தெரியாதே அவனுக்கு.”

“வீட்டுக்கு வாரும், பேசுவோம். விருந்தாளின்னா அடுப்பு மூட்டுவா.”

வீட்டில் அடுப்பு மூட்டியிருக்கவில்லை. நூர் நிஷா சாய்வு நாற்காலியில் சாய்ந்திருந்தாள். எதிரே பல்லாங்குழியும் கையுமாக, கபீர் அறிய எட்டு வருஷமாக அந்த வாசற்படி மிதிக்காத தங்கை காலிதா, ஹாஜாவின் பெண்டாட்டி, உட்கார்ந்திருந்தாள்.

“அந்த முருகேஸ்வரி எங்க ரெண்டு பேரையும் ஏச்சுப்புட்டா” என்றார் கபீர்.

“அவளைச் சொல்லாதீங்க மச்சான்” என்றாள் காலிதா, சோழியை எண்ணிப் போட்டபடி அக்காளைக் கண்ணால் காட்டி. “அடுப்படிக்கு லீவு கேட்டா குடுக்க மாட்டீகன்னு, கொட்டகையில இருந்து ஆரம்பிக்கச் சொன்னதே நானும் லாத்தாவுந்தான்.”