தொடாத கோப்பை

சித்தப்பா அபூ நசீமுக்கு முன்னால் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. வஹீப் அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். இஸ்ரேலின் அரபு ஊரான சக்னீனில், வீட்டுக்கு வந்தவர் கோப்பையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தால், ஏதோ கேட்க வந்திருக்கிறார் என்று அர்த்தம். வீட்டுக்காரர் சரி என்று சொன்னால்தான் குடிப்பார். சொல்லிவிட்டு மாறினால், வஹீப் பெயிண்ட் கடையை மூடிவிட்டு ஊரைவிட்டே போய்விடலாம்.

"தேர்தல்ல நிக்கிறேன்டா. உன் ஓட்டு எனக்குத்தானே?"

"குடிங்க சித்தப்பா. வேற யாருக்குப் போடப்போறேன்?"

ஒரே மடக்கில் காலி. அவர் தலை மறைந்ததும் ருதைனா உள்ளிருந்து வந்தாள்.

"எங்கண்ணனும் நிக்கிறாரே, அது ஞாபகம் இருக்கா? சாயங்காலம் வர்றாராம்."

கட்டிய மனைவியின் அண்ணன். அடியோடு மறந்துவிட்டான்.

"காப்பித்தூள் தீந்துபோச்சுன்னு சொல்லிடு. ஜூஸ் குடு. காப்பி இல்லாம எப்படிக் கேப்பாரு?"

சாயங்காலம் மச்சான் ஹிலால் வந்தார். ஜூஸைப் பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை, காப்பித்தூளுக்கே பஞ்சமா?"

அதைக் கொஞ்சம் உரக்கவே கேட்டுவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுவிட்டது. பக்கத்து வீட்டம்மாள் கொதிக்கக் கொதிக்கக் காப்பியோடு வந்து நின்றாள். நல்லவள்தான், பாவம். கோப்பை நிறைந்தது. ஹிலால் தொடவில்லை.

"நாம ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு நிக்கிறோம். கட்சிக்கு இத்தனை ஓட்டுன்னு ஒரு வரம்பு இருக்கு, அதுல கொஞ்சம் குறைஞ்சாலும் நாடாளுமன்றத்துல நம்ம ஜனத்துக்காகப் பேச நாதி இருக்காது."

"அப்போ ஒண்ணா நின்னா என்ன மச்சான்?"

"உங்க சித்தப்பா இருக்கிற கட்சியிலயா? நானா?"

ஆவி அடங்கிக்கொண்டே வந்தது. ருதைனா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடிங்க மச்சான். உங்களுக்குத்தான்."

தேர்தலன்று தடுப்புக்குப் பின்னால் வஹீப் வெகுநேரம் நின்றான். கட்சிக்கொரு சீட்டு, ஒன்றை எடுத்து உறையில் போட வேண்டும். சித்தப்பா சீட்டை எடுத்தால் மச்சானின் காப்பி கண்ணில் தெரிந்தது. மச்சான் சீட்டை எடுத்தால் சித்தப்பாவுடையது. கடைசியில் இரண்டையும் ஒரே உறையில் போட்டு ஒட்டினான்.

"ரெண்டு சீட்டு இருந்தா செல்லாத ஓட்டுன்னு தெரியாதா?" வீட்டில் அதைக் கேட்ட ருதைனா தலையில் அடித்துக்கொண்டாள்.

"தெரியும். ஆனா குடுத்த சொல்லைக் காப்பாத்திட்டேன்ல?"

முடிவு வந்தபோது அந்தப் பெருமை போய்விட்டது. இரண்டு கட்சியும் அந்த வரம்பை மயிரிழையில் தவறவிட்டிருந்தன. இனி நான்கு வருஷத்துக்குச் சக்னீனுக்காக அங்கே எழுந்து பேச ஆளில்லை. ஊரையே தான் தனியாகக் கவிழ்த்துவிட்டதாக வஹீபுக்குத் தோன்றியது, அழுகை வந்தது.

மறுநாள் சித்தப்பா வீட்டுக்குப் போனான். சித்தி காப்பி வைத்தாள். அவன் தொடவில்லை.

"என்னடா வேணும்?" என்றார் சித்தப்பா.

"மன்னிப்பு. ரெண்டு சீட்டையும் போட்டுட்டேன் சித்தப்பா. மன்னிச்சேன்னு சொன்னாத்தான் குடிப்பேன்."

சித்தப்பா கம்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சமையலறையிலிருந்து சித்தி குரல் கொடுத்தாள்: "ஆறுறதுக்குள்ள குடிப்பா. உன் மச்சான் அன்னிக்கு இங்கயும் வந்து கோப்பையைத் தொடாம உக்காந்துட்டான். உன் சித்தப்பாவும் ரெண்டு சீட்டையும்தான் போட்டுட்டு வந்திருக்காரு!"