பதினாலு கடிகாரமும் ஒரு கணக்கு வாத்தியாரும்

மருதங்கண்மாய் (கல்லல் வழி)
14-12-1963

ஈப்போவில் இருக்கும் அம்மான் அவர்களுக்குச் சத்தியமூர்த்தி வணங்கி எழுதுவது. இங்கு நாங்கள் நலம். நான் வேலைபார்க்கும் பள்ளிக்கூடம்தான் சுகமில்லை.

நம்மூர் உயர்நிலைப் பள்ளிக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். கடிகாரம் மட்டும் வேண்டாம். ஆவணியில் இங்கே பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. பிள்ளைகளின் தேர்ச்சி உயர ஊரார் உதவுங்கள் என்று மேடையில் கேட்டார்கள். உதவினார்கள்: பதினாலு சுவர்க்கடிகாரம். கண்ணாடி மேல் முள் தெரியாத அளவுக்குக் கொடுத்தவர் பெயர். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மணி காட்டுகிறது. எதைப் பார்த்து மணியடித்தாலும் மற்ற பதின்மூன்று பேருக்குக் கோபம் வருகிறதென்று, தலைமையாசிரியர் நாளுக்கு ஒரு கடிகாரம் என முறை வைத்துவிட்டார். ரைஸ் மில் பொன்னழகு கொடுத்த கடிகாரத்தின் முறையன்று மதியச் சாப்பாடு பதினோரு மணிக்கு.

கணக்கு வாத்தியார் ஜூனிலிருந்து இல்லை. கேட்டால் ஆள் வரும் என்கிறார்கள். அறிவியல் வாத்தியாரான நானே முந்தின நாள் படித்து, எஸ்.எஸ்.எல்.சி. எழுதும் பதினோராம் வகுப்புக்குக் கணக்கும் சொல்கிறேன். அதில் அழகி என்றொரு பெண். மற்றதெல்லாம் கெட்டி, கணக்கில் பன்னிரண்டு மார்க். அவள் அப்பா வண்டிக்காரர் சின்னக்கருப்பன், "பாஸானா டீச்சர் ட்ரெயினிங் சார். பெயிலானா ஆவணியில தாய்மாமனுக்குக் கட்டி வச்சுருவேன்" என்கிறார். அந்தத் தாய்மாமன் என்னைக் கண்டால் கும்பிடுகிறான். என் கணக்குப் பாடத்தின் மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

பொறுக்காமல் பொன்னழகிடம் போய், ஒரு கணக்கு வாத்தியாருக்குச் சம்பளம் கொடுங்கள் என்றேன்.

"ஏன் தம்பி, கடியாரம் ஓடலையா?"

"ஓடுதுண்ணே. பிள்ளைகளுக்குக் கணக்குத்தான் ஓடல."

"குடுத்துரலாம். வாத்தியாரு மேல எங்குட்டுப் பேரு எழுதுவீக?"

"முதுகுல எழுதிருவோம். போர்டுப் பக்கம் திரும்புனா வகுப்பே படிக்கும்."

அவர் சிரிக்கவில்லை, யோசித்தார். "சட்டைய மாத்துவாகளே தம்பி!"

கோவத்துல எழுதுறேன், பொறுத்துக்கங்க அம்மான். பரீட்சைக்கு மூணு மாசந்தான் இருக்கு. நீங்களாச்சும் ஒரு வாத்தியாருக்கு வழி பண்ணுங்க. எங்க வேணாலும் உங்க பேரை எழுதிக்கிறோம்.

தங்களுக்கும் வீட்டாருக்கும் பிள்ளையார்பட்டிப் பிள்ளையார் துணையிருக்க வேண்டும்.

தங்கள் மருமகன்,
சத்தியமூர்த்தி

பி.கு.: உறையை ஒட்டும்போது தபால்காரர் வந்தார். எப்போதோ மனுப் போட்டிருந்த மதுரை மின்சார ஆபீசில் எனக்குக் குமாஸ்தா வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும். போகிறேன். ஆகவே இரண்டு வாத்தியாருக்கு வழி செய்யவும். அழகியிடம் சொல்லவில்லை. நாளைக் காலை எட்டு மணிக்கு வர்க்கமூலம் படிக்க வரச் சொல்லியிருந்தேன். என் பஸ் ஆறு மணிக்கு.