கண்ணாடி ஏற்றிய மாப்பிள்ளை

கார் ஓட்டத் தெரிந்தவனுக்கு அதிலிருந்து இறங்கவும் தெரியும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை.

சீசனுக்கு வருபவர்களைத் தென்காசி ரயிலடியிலிருந்து குற்றாலத்துக்கு ஏற்றிப்போகும் பழைய காரை அப்போது நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். முன்னால் கம்பியைச் செருகிச் சுற்றினால்தான் அதற்கு உயிர் வரும். மேலே படுதா, பக்கத்தில் கண்ணாடியே கிடையாது. (சாரலில் ஆட்கள் அருவிக்குப் போகுமுன்பே குளித்துவிடுவார்கள்.) இறங்க வேண்டுமென்றால் கையை வெளியே விட்டு வெளிக் கைப்பிடியைத் திருக வேண்டும்.

பிறகு முதலாளி ஒரு புதுக் கார் வாங்கினார். பித்தானை அமுக்கினால் புறப்பட்டுவிடும். நாலு பக்கமும் கண்ணாடி. என்னை அதைத் தொடவே விடவில்லை. கீழப்பாவூருக்கு எனக்குப் பெண் பார்க்கப் போன அன்று மட்டும் அவரே ஓட்டி, அம்மாவை முன்னாலும் என்னைப் பின்னாலும் உட்கார வைத்தார். கொடுத்தால் டிரைவருக்குத்தான் பெண் என்று பெண்ணின் அப்பாவுக்குப் பிடிவாதம். “பையன் கார்ல புலி” என்று முதலாளி சொல்லி வைத்திருந்தார்.

வாசலில் அம்மாவும் முதலாளியும் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டார்கள். புலி மட்டும் உள்ளே இருந்து கதவைத் தடவிக்கொண்டிருந்தது. நாலு விரல் அளவு திறந்திருந்த கண்ணாடி அருகே பெண்ணின் அப்பா குனிந்து, “வாங்க மாப்ள” என்று கை கூப்பினார். பதற்றத்தில் அகப்பட்ட பிடியைச் சுற்றினேன். கதவு திறக்கவில்லை. கண்ணாடி ஏறி, அவர் மூக்குக்கு நேராக மூடிக்கொண்டது.

அவர் முகம் கறுத்துவிட்டது. “என்ன அண்ணாச்சி, எங்க வீட்டுப் படி ஏற மாட்டாகளோ?”

“ஏலே, இறங்குலே!” என்றார் முதலாளி.

கதவு திறக்கத் தெரியாது என்று சொன்னால் பெண் போச்சு, இறங்காவிட்டாலும் போச்சு. வேறு வழி தெரியாமல் சிரித்தேன்.

“சிரிக்க வேற செய்யுதாரு! மோதிரம் போடுதோம்னு சொல்லுங்க.”

நான் வேண்டாம் என்று பலமாகத் தலையை ஆட்டினேன்.

“அது பத்தாதாமே! சரி, கைக்கடிகாரமும் சேத்து...”

அதற்குள் பெண்ணே வெளியே வந்துவிட்டாள். நான் கதவைத் தடவுவதை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாளாம். வெளிக் கைப்பிடியை ஒரு திருகு. கதவு திறந்தது.

“எங்க கோழிக்கூட்டுக்கும் வெளியதான் தாப்பா” என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு அப்பாவிடம் திரும்பி, “மோதிரமும் வேண்டாம், கடிகாரமும் வேண்டாமாம்ப்பா” என்று சத்தமாகச் சொன்னாள். அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

இப்போதும் வாடகைக் காரில் எங்கே போய் நின்றாலும், “யம்மா, கோழியத் தொறந்து விடு!” என்று எங்கள் பிள்ளைகள் கத்துவார்கள். கைப்பிடி எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அவள் சுற்றி வந்து திறக்கும்வரை பேசாமல் உட்கார்ந்திருப்பேன்.