சிலபஸ் சுமந்த கழுதை

“கழுதையா?” என்றார் முதல்வர், வகுப்பு வாசலில் நின்றபடியே.

ஆங்கில விரிவுரையாளர் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டார். ‘சிலபஸ்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று கடைசி பெஞ்சு கேட்டுத் தொலைத்திருந்தது. ‘தெரியாது’ என்று சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், பழைய கிரேக்கத்தில் மாணவர்களின் ஏடுகளைச் சுமந்த கழுதைக்கு அதுதான் பெயர் என்று அடித்துவிட்டார். வகுப்பே கைதட்டியது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் முதல்வர் வந்தார். வெள்ளிக்கிழமை இவர் வேலையை நிரந்தரமாக்கிக் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவரேதான்.

“ஆமா சார். கழுதைதான்.”

“பிரமாதம்! ஆதாரம்?”

“‘கிரேக்கக் கழுதைகள்’னு ஒரு புத்தகம் சார்.”

மாலையில் அகராதியைப் புரட்டினார். யாரோ எப்போதோ வேறொரு சொல்லைத் தப்பாகப் படித்து அச்சடித்ததில் பிறந்ததாம் ‘சிலபஸ்’. கழுதையின் வால்கூட இல்லை.

மறுநாள் நூலகர் அம்மா வழிமறித்தார். “முதல்வர் அந்தப் புத்தகத்தை வாங்கச் சொல்றார் சார். எங்கேயும் கிடைக்கலியே?”

“எப்படிம்மா கிடைக்கும்? உலகத்துலயே ஒரே பிரதிதான்.”

“அது எங்க இருக்கு?”

“எங்க வீட்ல,” என்று வாய் முந்திக்கொண்டது.

அரைமணியில் முதல்வர் அறைக்கு அழைப்பு. “வெள்ளிக்கிழமை சொல்லாராய்ச்சி மேதை வர்றார். புத்தகத்தைக் கண்ணாடிப் பெட்டியில வைக்கிறோம்!”

“சார்... அதைக் கரையான் அரிச்சிடுச்சு.”

“மிச்சத்தை வைப்போம்.”

“மிச்சமே இல்ல சார்.”

“அட்டை?”

“அட்டையைத்தான் முதல்ல தின்னுச்சு.”

முதல்வருக்குக் கண் கலங்கிவிட்டது. நிகழ்ச்சி நிரலில் இரண்டு நிமிட மௌன அஞ்சலியைச் சேர்த்தார்.

வெள்ளிக்கிழமை விரிவுரையாளர் ராஜினாமாக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். வேலை நிரந்தரமாகிவிட்டதென்று மனைவி அக்கம்பக்கமெல்லாம் சொல்லி முடித்திருந்தாள்.

மேடையில் காலிக் கண்ணாடிப் பெட்டி. அதற்கு மாலை வேறு. அவையே எழுந்து தலைகுனிந்து நின்றது. நாற்பது அகராதிகளைத் தொகுத்த மேதையும் எதற்கென்று தெரியாமலே குனிந்து நின்றார்.

“யார் போயிட்டாங்க?” என்று முதல்வரின் காதில் கேட்டார்.

மைக் அணைக்கப்படவில்லை. முதல்வர் தழுதழுத்தார். “‘கிரேக்கக் கழுதைகள்’ ஐயா. அந்த அபூர்வப் புத்தகம். உங்களுக்குத் தெரியாம இருக்குமா?”

விரிவுரையாளர் கடிதத்தை வெளியே எடுத்தார்.

மேதை தாடியைத் தடவினார். ஐந்நூறு முகங்கள் அவரையே பார்த்தன. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“தெரியாமலா? அதுக்கு முன்னுரையே நான்தானே எழுதினேன்!”