என் மகள் நடக்காத பதினான்காயிரம் அடிகள்

மதிப்பிற்குரிய மச்சான் கரீமுல்லா அவர்களுக்கு,

அபிராமபுரத்திலிருந்து ஹபீபுர் ரஹ்மான் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்கு துஆ.

நீங்கள் துபாயிலிருந்து அனுப்பிய ஸ்மார்ட் வாட்ச்சை உங்கள் மருமகள் உம்மே ஹானி மூன்று வாரமாக வேறொரு பெண்ணின் கையில் கட்டிவிட்டிருக்கிறாள். போனில் சொன்னால் சிரித்துக்கொண்டே வைத்துவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

ஹானியின் பள்ளியில் இப்போது நலவாழ்வுக்கும் மதிப்பெண். தினம் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும். வாட்ச் எண்ணிப் பள்ளிக்கு அனுப்பிவிடும். நம் பிள்ளைக்கு சோபாவிலிருந்து ஃபிரிட்ஜுக்குப் போவதே வெளியூர்ப் பயணம். எங்கள் வீட்டு வேலைக்கு வரும் ரத்னாவின் மகள் கயலுக்கும் அதே பதினைந்து வயதுதான். கயல் நடப்பாள், ஹானி மதிப்பெண் வாங்குவாள், பதிலுக்குக் கயலின் இங்கிலீஷ் கட்டுரையை ஹானி எழுதித் தருவாள் என்று இருவருக்கும் ஒப்பந்தம். தி.நகரில் இருபது வருஷம் சூட்கேஸ் விற்ற எனக்கே இப்படியொரு யோசனை வந்ததில்லை. தினம் பதினான்காயிரம் அடி! ஆனால் அந்தப் பாழாய்ப்போன வாட்ச் தூக்கத்தையும் எண்ணியிருக்கிறது. பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள்.

"சார், உங்க டாட்டர் நாலு மணி நேரம்தான் தூங்குறா. விடிகாலைல ஹார்ட் பீட் எகிறுது. வீட்ல ஏதாவது பிரச்சனையா?"

"அவளை ஏழரைக்கு எழுப்பவே மூணு பேர் வேணும் மேடம்."

அவர்கள் நம்பவில்லை. எட்டு மணி நேரத் தூக்கம், காலை டிபன், மன அமைதி என்று ஒரு தாள் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து விசாரித்ததில் எல்லாம் வெளிவந்தது. தாளை ரத்னாவிடம் படித்துக் காட்டினேன்.

"எட்டு மணி நேரம் தூக்கமா? பஸ்காரன்கிட்ட சொல்லுங்க பாய்" என்றாள்.

அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து அரசாங்கம் அவர்களை ஊருக்கு வெளியே, ஒன்றரை மணி நேர பஸ் தூரத்திலுள்ள பெரும்பாக்கத்துக்கு மாற்றி இரண்டு வருஷமாகிறது. ரத்னாவுக்கு வேலை இங்கே, கயலுக்குப் பத்தாம் வகுப்பு மயிலாப்பூரில். "விடிகாலைல நாலே முக்கா பஸ்ஸ உட்டா அடுத்ததுல நிக்கக்கூட எடமிருக்காது, கதை முடிஞ்சுது அங்கிள், அதான் ஓடறது" என்று அம்மாவோடு வந்திருந்த கயல் சிரித்தாள். ரத்னா சிரிக்கவில்லை. "கிளாஸ்ல தூங்கி வழியிதாம். இந்த மாசத்தோட ஸ்கூல நிறுத்திடலாம்னு கீறேன்" என்றாள்.

எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. ஆழ்வார்பேட்டையில் என் குடோன் மாடியில் பாத்ரூமோடு ஓர் அறை சும்மா கிடக்கிறது. பொதுத்தேர்வு முடியும்வரை அம்மாவும் மகளும் வாடகையில்லாமல் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். ரத்னா வாயடைத்து நின்றாள், அவ்வளவு சந்தோஷம். காரியம் ஐந்தே நிமிஷத்தில் முடிந்தது.

வீட்டில் அனைவருக்கும் என் சலாம். அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் தரட்டும். அடுத்த முறை எண்ணத் தெரியாத பரிசாகப் பார்த்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஹபீபுர் ரஹ்மான்

பி.கு.: காரியம் முடியவில்லை. ரத்னா நின்றது சந்தோஷத்தில் இல்லையாம். இப்போதுதான் வந்து சொல்கிறாள்: "சும்மா வேணாம் பாய். சும்மா குடுத்தா, விடிகாலைல காபி போட வா, விருந்தாளி வந்துகீறாங்க பாத்திரம் தேய்க்க வான்னு கூப்டுவீங்க. புள்ள தூங்கணும்னுதானே வர்றோம்? வாடகை இன்னான்னு சொல்லுங்க." வாழ்க்கையில் முதல் தடவையாக எதிராளி விலையை ஏற்ற, நான் இறக்கிக்கொண்டே வந்தேன். கடைசியில் பேசி முடித்தது: மாதம் எழுநூறு ரூபாய், கரண்ட் பில் என்னுடையது, காலை ஏழு மணிக்கு முன்னால் எங்கள் வீட்டு ஆட்கள் யாரும் அந்தக் கதவைத் தட்டக் கூடாது.