சில்வண்டு மட்டும் கேட்ட போராட்டப் பாட்டு

சிங்கத்துக்கு மட்டும் வரி கிடையாத ஒரு காட்டில், குளத்துக்கு முள்வேலி வரப்போவதாக அறிவிப்பு வந்தது. ஞாயிறு காலை வேலி போட்டுவிட்டால், அப்புறம் தண்ணீர் சிங்கத்துக்கும் அதன் உறவினருக்கும்தான்.

தாகமுள்ளோர் சங்கம் கூடியது. கழுதை மருதையன் எழுதிய போராட்டப் பாட்டை வீட்டிலேயே பதிவு செய்து, குளக்கரையில் ஒலிபெருக்கியில் போட்டுக் கூட்டம் திரட்டுவது என்று தீர்மானம். காசில்லாததால் இலவச மென்பொருள்தான். எது நல்லது என்று ஆராய மூவர் குழு: கழுதை, கணினி வைத்திருந்த குரங்கு கனகாம்பரம், நரி பொன்னுரங்கம்.

முதல் மென்பொருள் அழகாகப் பதிவு செய்தது. சேமிக்கப் போனால் பணம் கேட்டது.

"பாடறது இலவசம், கேக்கறதுக்குக் காசா? பச்சைக் கொள்ளை!" என்றது கழுதை.

"ஒலி எவ்வளவு சுத்தம் பாருங்க தோழர். என் ஓட்டு இதுக்குத்தான்" என்றது நரி.

இரண்டாவது, சரணத்துக்குச் சரணம் தன் பெயரைத் தானே அறிவித்துக்கொண்டது. "நம்ம மேடைப் பேச்சாளருங்க செய்யாததா?" என்று குரங்கு அதன் பக்கம் நின்றது.

மூன்றாவது முழுக்க இலவசம். கழுதை உருகிப் பாடியது. குரங்கு 'இரைச்சல் நீக்கு' என்ற பொத்தானை அழுத்தியது. போட்டுக் கேட்டால், கழுதையின் குரலையே காணோம். பின்னால் கத்திய சில்வண்டு மட்டும் துல்லியமாகக் கேட்டது.

நரி விழுந்து விழுந்து சிரித்தது. "அதுக்கு நல்ல காது தோழர்!"

"பொத்தானை அமுக்கினவதான் துரோகி! மென்பொருள் கொள்கைப்படி சுத்தமானது. இதுலயே மறுபடி பாடறேன்" என்று கழுதை பதிவை முடுக்கியது. பாட விட்டால்தானே? சண்டை மூண்டது. சங்கம் மூன்றாக உடைந்தது. பதிவை நிறுத்த யாருக்கும் நினைவில்லை.

ஞாயிறு காலை ஓநாய்கள் முள்கம்பியோடு வந்தன. பாட்டு தயாரில்லை. வேறு வழியின்றிக் குரங்கு அந்தச் சண்டையையே ஒலிபெருக்கியில் போட்டுவிட்டது. குளக்கரை அதிர்ந்தது. காடே ஓடிவந்து, வந்த வேகத்தில் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்து கத்தியது.

ஓநாய் சிங்கத்துக்குப் போன் போட்டது. "அரசே, கூட்டம் பெரிசு."

"தலைவனைக் கூப்பிட்டு ஆலோசகர் பதவி கொடு. எப்பவும் அப்படித்தானே முடிப்போம்?"

"மூணு தலைவருங்க, அரசே."

"மூணு பேருக்கும் கொடு."

"பேசிக்கிட்டிருக்கும்போதே ஏழாயிடுச்சு. இப்ப ஆமையும் தனியா ஒண்ணு ஆரம்பிச்சிருக்கு."

சிங்கம் அரண்மனை நாற்காலிகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தது. பிறகு, "அத்தனை நாற்காலி அரண்மனையில இல்லடா. கம்பியைச் சுருட்டிக்கிட்டு வா" என்றது.

எல்லா விலங்குகளும் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தன, ஒன்றின் முகத்தில் ஒன்று விழிக்காமல்.

நீதி: அரண்மனையில் உள்ள நாற்காலிகளைவிடச் சங்கத்தில் தலைவர்கள் அதிகமாக இருந்தால் போராட்டம் வெல்லும்.